மோரிஸ் தீவில் ஆறு நாள் ஓய்வு

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் நாற்பது வருஷமாக மோரிஸ் பழம் வாங்குகிறேன். பழுத்தாலும் பச்சை மாறாத அந்தப் பழத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மோரிஸ் என்றால் மொரீஷியஸ். அந்தத் தீவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன வாழைக்கன்றை 1830-களில் ஒரு பிரபு தன் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தார். அவருடைய குடும்பப் பெயரில் உலகம் அதைக் காவெண்டிஷ் என்கிறது. நாம் மட்டும் மோரிஸ் என்றே சொல்லி வருகிறோம்.

போன வருஷம் மகன் எங்கள் இருவருக்கும் மொரீஷியஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். "ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா. கடற்கரையில படுத்து ரெஸ்ட் எடுங்க, அது போதும்" என்றான். என் மனைவி அவனிடம், "உங்கப்பா ரிடையர் ஆகிப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் எதுலேர்ந்துடா ரெஸ்ட்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் போனோம். எனக்குப் போக ஒரு பழைய காரணமும் இருந்தது.

நான் காரைக்காலில் பிறந்தவன். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது எனக்கு நாலு வயது. கொடி இறங்கினாலும் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு இறங்கவில்லை. கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாமே எனக்குப் பிரெஞ்சில்தான். பதின்மூன்று வயதில் எங்களுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். பெர்னார்தென் தெ சென்-பியேர் எழுதிய ‘போல் எ விர்ழினி’. 1788-இல் வெளிவந்த நாவல். இயற்கையின் மடியில் வளரும் இரண்டு குழந்தைகளைப் பற்றியது. கடைசியில் கப்பல் உடைந்து விர்ழினி இறந்துபோவாள். கதை நடப்பது மொரீஷியஸில். அப்போது அதற்கு ‘இல் தெ பிரான்ஸ்’, பிரான்சுத் தீவு என்று பெயர். ‘வெப்பமண்டலத் தீவு என்றால் சொர்க்கம்’ என்ற நினைப்பை ஐரோப்பாவில் பரப்பிய புத்தகங்களில் அது முக்கியமானது. இன்றைய சுற்றுலா விளம்பரத்தில் வரும் தென்னை மரமும் வெள்ளை மணலும் பாதி அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவைதான். அந்தத் தீவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அறுபது வருஷ ஆசை.

மீனம்பாக்கத்திலிருந்து சுமார் ஆறரை மணி நேரப் பயணம். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கிய ஊர். நம்மவர்களுக்கு விசா கட்டணம் கிடையாது. மேற்குக் கரையில் ஃபிளிக் என் ஃபிளாக் என்ற இடத்தில் தங்கினோம்.

கடலைப் பார்த்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "என்னங்க, இங்க அலையே இல்லையே?" மெரினாவிலும் கோவளத்திலும் அலையைப் பார்த்தவர்களுக்கு அது கடலாகவே தோன்றாது. தீவைச் சுற்றிப் பெரும்பாலான இடங்களில் பவழப்பாறை அரண் போல நிற்கிறது. அலை தூரத்தில் அந்தப் பாறையில் மோதி வெள்ளைக் கோடாக உடைந்துவிடும். உள்ளே குளம் மாதிரி இளநீலத் தண்ணீர். குழந்தைகூட பயமில்லாமல் இறங்கலாம். கரையில் வரிசையாகச் சவுக்கு. அங்கே அதற்குப் பெயர் ஃபிலாவோ. காற்றில் அது போடும் சத்தம் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேட்கும் அதே சத்தம்.

முதல் இரண்டு நாள் மகன் சொன்னபடியே சும்மா இருந்தோம். காலையில் தண்ணீரில் கால் நனைப்பது, மத்தியானம் மர நிழலில் தூக்கம், சாயங்காலம் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பது. கிழக்குக் கடற்கரைக்காரர்களான நமக்குக் கடலில் சூரியன் மறைவதே ஒரு புதுமை. மூன்றாம் நாள் எனக்குக் கை பரபரத்தது. ஃபைல் பார்த்த கை அல்லவா! போர்ட் லூயி நகரத்துக்குப் பஸ் ஏறினோம்.

துறைமுகத்துக்கு எதிரே, கடலைப் பார்த்தபடி ஒரு சிலை. மஹே தெ லபூர்தொனே. 1735 முதல் அந்தத் தீவின் கவர்னர். போர்ட் லூயியைத் துறைமுக நகரமாகக் கட்டி எழுப்பியவர். நான் படித்த நாவலிலும் அவர் ஒரு பாத்திரமாக வருவார். அந்தக் கதையில் உடையும் ‘சென்-ழெரான்’ கப்பல், அவர் கவர்னராக இருந்தபோது 1744-இல் நிஜமாகவே உடைந்த கப்பல்.

தாம்பரம் வாசகர்களுக்கு இவரைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். 1746-இல் அந்தத் தீவில் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வந்து, செப்டம்பர் மாதம் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவர் இவர்தான். அப்போது கோட்டையில் கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேஷத்தில் கடலூருக்குத் தப்பி ஓடினார். பணம் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தந்துவிடலாம் என்றார் லபூர்தொனே. முடியாது என்றார் புதுச்சேரியில் இருந்த துய்ப்ளே. இந்தச் சண்டைக்கு நடுவே அக்டோபர் புயலில் கப்பல்கள் போயின. அவர் கிளம்பியபின், கோட்டையை மீட்க வந்த ஆற்காட்டு நவாபின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரரின் சிறுபடை அடையாற்றின் கரையில் தோற்கடித்தது. நாம் தினம் பஸ்ஸில் தாண்டிப் போகும் அதே அடையாறு. லபூர்தொனே பாரிஸ் திரும்பியதும் பாஸ்தீய் சிறையில் போட்டார்கள். 1751-இல் விடுதலை. 1753-இல் மரணம். தீவில் சிலை, ஊரில் சிறை. அரசாங்க உத்தியோகம் அன்றும் அப்படித்தான்.

அந்தத் துறைமுகத்தை எழுப்பிய கைகளில் நம் கைகளும் உண்டு. புதுச்சேரியிலிருந்து கொத்தர், தச்சர், கொல்லர் என்று கைவினைஞர்களை ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களை ‘மலபார்’ என்பார்கள். அவர்கள் குடியிருந்த பகுதி ‘மலபார் முகாம்’ என்றே அழைக்கப்பட்டது. இஷ்டப்பட்டுப் போனவர்கள் மட்டுமல்ல. ஆட்களை ஏமாற்றிப் பிடித்து, அடைத்து வைத்து, தீவுகளுக்கு அடிமைகளாக அனுப்பிய கொடுமையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் இன்னும் பல மடங்கு.

1810 டிசம்பரில் ஆங்கிலேயர்கள் தீவைப் பிடித்தார்கள். அந்தப் படையில் சென்னையிலிருந்து போன சிப்பாய்களும் இருந்தார்கள். கொடி மாறியது, ஆனால் பிரெஞ்சு மொழியும் சட்டமும் தங்கிவிட்டன. காரைக்கால்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. 1835 பிப்ரவரி முதல் தேதி அடிமை முறை சட்டப்படி முடிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! அதற்கு முன்பே, 1834 நவம்பர் 2-ஆம் தேதி, ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தக் கூலிகளுடன் வந்து சேர்ந்தது. அதன்பின் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அந்த நாளில் சென்னைக்குத் துறைமுகச் சுவர் கிடையாது. மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். கடலையே பார்த்திராத உழவர்களின் முதல் கடல் அனுபவம் அதுதான்.

அவர்கள் இறங்கிய இடம் ஆப்ரவாசி காட். 1849-இல் ஏற்பட்டது. கூலி காட் என்பது பழைய பெயர். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரிய மாளிகை எதுவும் இல்லை. சில கல் கட்டடங்கள், ஓர் ஆஸ்பத்திரிப் பகுதி, பதினாறு கல் படிகள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் படிகளின் பக்கத்தில் போய் நின்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

பக்கத்திலேயே ஒரு காட்சிக்கூடம். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது பதிவேடு. பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், ஜாதி, ஜில்லா, கிராமம், கப்பல், வரிசை எண். முப்பத்தைந்து வருஷம் இதே மாதிரிக் கட்டங்களை நிரப்பிச் சம்பளம் வாங்கியவன் நான். எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். ஆறுமுகம் ‘ஆர்மூகம்’ ஆனார். வீரப்பன் ‘வீராப்பென்’ ஆனார். அந்த எழுத்தே பிறகு குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஒரு விஷயம் கவனித்தேன். ‘உ’ சத்தத்துக்கு ஆங்கிலேயக் குமாஸ்தா இரண்டு ‘ஓ’ போடுவான். பிரெஞ்சுக் குமாஸ்தா ஒரு ‘ஓ’வும் ஒரு ‘யு’வும் போடுவான். ஒரே ஊர் முத்துசாமிகள் இரண்டு பேர் இரண்டு விதமான குடும்பமாக ஆனது பேனா பிடித்தவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்பதைப் பொறுத்தது.

கூலி மாதம் ஐந்து ரூபாய், அதோடு அரிசி பருப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். ‘டபுள் கட்’ என்று அதற்குப் பெயர். கேஷுவல் லீவுக்கும் மெடிகல் லீவுக்கும் சண்டை போட்ட சங்கத்தில் இருந்தவன் நான். அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தேன். 1871-இல் அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற ஒரு தோட்டக்காரர், வெள்ளைக்காரர்தான், இந்தத் தொழிலாளர்களின் குறைகளைத் திரட்டி 9,401 பேர் சார்பில் ஒரு மனு கொடுத்தார். அதன்பின்தான் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது. ஓய்வெடுக்க வந்த தீவில், ஒரு நாள் ஓய்வுக்கு இரண்டு நாள் கூலியைப் பறிகொடுத்தவர்கள் கதையைப் படித்தால் மனசு என்ன ஆகும்?

திரும்பும் வழியெல்லாம் கரும்பு வயல்களின் நடுவே கறுப்புக் கல் குவியல்களைப் பார்த்தோம். சின்னக் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தார்கள். எரிமலைத் தீவு, மண் முழுக்கக் கல். கையாலேயே பொறுக்கி அடுக்கி, நிலத்தைக் கரும்புக்குத் தயார் செய்தவர்களின் கைவேலை அது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறு வந்தால் உள்ளூர்க் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு கடற்கரைக்கு வந்துவிடுகின்றன. கடலோரத்தில் ஒரு பட்டை நிலம் அரசாங்கத்துடையது என்று 1807-இலேயே பிரெஞ்சு கவர்னர் தெக்கான் போட்ட உத்தரவு ஒன்று உண்டு. பெரிய ஹோட்டல்கள்கூட அதைக் குத்தகைக்குத்தான் எடுத்திருக்கின்றன. பொதுக் கடற்கரை எல்லாருக்கும் பொது. சவுக்கு நிழலில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம். பிரியாணி வாசனை எங்கள் வரைக்கும் வந்தது. என் மனைவியின் புடவையையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, ஒரு பெரியவர் எழுந்து வந்து "வணக்கம்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. நான் பிரெஞ்சில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பேசிய கிரியோல் பாதி எனக்குப் புரியாவிட்டாலும் காய்கறிகள் புரிந்தன. முருங்கைக்கீரைக்கு ‘பிரேத் மூரூம்’, பீர்க்கங்காய்க்கு ‘பிப்பெங்காய்’, கொத்தமல்லிக்கு ‘கோத்தோமிலி’, கறிவேப்பிலைக்கு ‘காரிப்பூலே’. மொழி போனாலும் குழம்பு போகவில்லை.

சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை விட இரண்டு வயது மூத்தவர். பேச்சு வளர்ந்ததும் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனாரின் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். அந்தப் பதிவேடுகள் மோக்கா ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பெயர் இருந்தது. எண் இருந்தது. கப்பல் ஏறியது சென்னை. கிராமம் என்ற கட்டத்தில், இரண்டு இடத்தில் இரட்டை ‘ஓ’ போட்டு, தெளிவாக ‘பெருங்குடி’. ஜில்லா கட்டத்தில் தண்ணீர் பட்டு மசி கரைந்திருந்தது.

"மிஸ்யே, நீங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்றார்.

"தாம்பரம்."

"பெருங்குடி தெரியுமா?"

தெரியுமாவா! வேளச்சேரி வழியாகப் போனால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். "எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஐயா உங்கள் ஊர்" என்ற வார்த்தை என் வாய் வரை வந்துவிட்டது. அவருடைய பெண், மாப்பிள்ளை, பேரன்கள் எல்லாரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து தலைமுறை ஏக்கம் தீரும். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

அந்த நேரத்தில் எனக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது. நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒரு கடைநிலை ஊழியர். அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் மனைவி பெயரை நான்தான் எழுதினேன். ‘அம்மாள்’ என்று முடிய வேண்டிய பெயரை ‘அம்மா’ என்று எழுதிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவசரம். அவர் இறந்தபின் குடும்பப் பென்ஷனுக்கு அந்த அம்மாள் வந்தபோது ரேஷன் கார்டில் ஒரு பெயர், எங்கள் புத்தகத்தில் ஒரு பெயர். இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்க அவர் பதினாலு மாதம் அலைந்தார். ஒவ்வொரு தடவையும் என் மேஜை முன்னால்தான் வந்து நிற்பார். கையெழுத்து என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதனால் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். "பெருங்குடி எங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று இருக்கிறது. மதுரை விமான நிலையத்துப் பக்கம் ஒன்று இருக்கிறது. திருச்சிப் பக்கமும் ஒன்று உண்டு. இன்னும் எத்தனை உண்டோ. ஜில்லா தெரியாமல் இதுதான் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் இத்தனை நாள் ஒரே பெருங்குடி என்று நினைத்திருந்தேன். இப்போது மூன்று கிடைத்திருக்கிறது" என்று சிரித்தார். அவர் பெண் எங்கள் இருவருக்கும் தட்டில் சாப்பாடு போட்டுக் கொடுத்தாள்.

கிளம்பும்போது அந்த ஊர் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை ஞாபகத்துக்கு வாங்கி வந்தேன். அதில் இருக்கும் படம் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனுடையது. அவர் பெயரைப் பதிவேட்டு எழுத்தில் படித்தால் ‘ரெங்கநாடென் சீனீவாசென்’ என்று வரும். நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு. 1998-இல் புது நோட்டுகளில் தமிழை ஹிந்திக்குப் பின்னால் தள்ளியபோது தமிழர்கள் எதிர்த்தார்கள். அடுத்த வருஷமே அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி அச்சிட்டார்கள். வீட்டில் தமிழ் பேசாதவர்கள் நடத்திய போராட்டம் அது.

இன்னொன்று. அந்த நாட்டு அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்தேன். குமாஸ்தாவின் கண் அங்கேதான் முதலில் போகும். பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள். நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வந்த நாள். தைப்பூசக் காவடிக்கும் விடுமுறை. நம் தமிழ்நாட்டில் தைப்பூசம் அரசு விடுமுறையானது 2021-இல்தான். ஒரு நாள் லீவுக்கு இரண்டு நாள் கூலி இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நமக்கு முன்பே அதை வாங்கிவிட்டார்கள்.

2019-இல் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டார் அந்தத் தீவுக்கு வந்திருக்கிறார்கள். அது தீவின் ஜனத்தொகையை விட அதிகம். நம்மில் வசதி உள்ளவர்கள் நீங்களும் போய் வாருங்கள். நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள், அதில் தப்பில்லை. ஒரே ஒரு நாளை அந்தப் பதினாறு படிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய மறுவாரம் நான் பெருங்குடிக்குப் போனேன். கண்ணாடிக் கட்டடங்கள், கம்பெனி பஸ்கள். பழைய தெருவில் இரண்டு பெரியவர்களைப் பிடித்துக் கேட்டேன். கப்பல் ஏறிப் போனவர்கள் கதை யாருக்கும் தெரியவில்லை. இதைப் படிப்பவர்களில் எந்தப் பெருங்குடிக்காரராவது இருந்து, "எங்கள் தாத்தாவின் அண்ணன் மோரிஸ் போனார், திரும்பி வரவில்லை" என்று வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெரியவருக்கு வயது எழுபத்தேழு. இந்த ஒரு கட்டத்தையாவது நான் சரியாக நிரப்பிப் பார்க்க வேண்டும்.